அழாத பிள்ளைகளின் வார்டு

மருதங்கோட்டை மருத்துவக் கல்லூரிக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும், குழந்தைகள் நலத்துறைத் தலைவி டாக்டர் தில்லைநாயகி அவர்களை முதலில் மேல்மாடிக் கோடியில் இருந்த வார்டுக்குத்தான் அழைத்துப் போவாள். கதவைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி நிற்பாள். அங்கே எது வித்தியாசமாக இருக்கிறது என்று வந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. கட்டிலுக்குக் கட்டில் குழந்தைகள். சிலதுக்கு மூக்கில் குழாய், சிலதுக்குக் கையில் ஊசி. ஒன்றுகூட அழாது. மின்விசிறி சுற்றும் ஓசைதான் கேட்கும். அதை அவர்கள் உணர்ந்து திரும்பிப் பார்க்கும்போது தில்லைநாயகியின் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

பெருமைப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்த அந்த மலையடிவார ஊர்களில் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக ஒரு நோய் இருந்தது. பிறந்து சில வாரங்களில் கைகால் துவண்டுவிடும். கழுத்து நிற்காது. பால் இறங்காது. பிறகு மூச்சும் நின்றுபோகும். அந்த நோய் எந்த மரபணுவின் பிழை என்று கண்டுபிடித்தவர் அதே கல்லூரியின் மரபியல் துறைத் தலைவர் டாக்டர் அருமைநாதன். அந்தப் பிழையைத் திருத்தி, தீங்கில்லாத வைரஸ் ஒன்றில் ஏற்றி, முதுகுத்தண்டில் போடும் ஊசியாக அவர் ஆக்கினார். ஊசி போட்ட பிள்ளைகள் கழுத்தை நிமிர்த்தின, தவழ்ந்தன, நடந்தன. அவற்றைத் தூக்கி வளர்த்தது தில்லைநாயகியின் துறை.

அந்தப் பிள்ளைகள் அழுவதில்லை என்பதை ஆரம்பத்திலேயே எல்லோரும் கவனித்தார்கள். பசித்தால் உதட்டைச் சப்பும். சூடு பட்டால் கையை இழுத்துக்கொள்ளும். முகம் மட்டும் மாறாது. திருத்திய மரபணு வலியையும் குறைத்துவிடுகிறது போலும் என்று அருமைநாதன் ஒரு கட்டுரையில் எழுதினார். அதை ஒரு கூடுதல் நன்மையாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். புறநோயாளிப் பிரிவுக்குத் தயங்கித் தயங்கி வந்து, "புள்ளை அழவே மாட்டேங்குதுங்க" என்று சொன்ன தாய்மார்களிடம் தில்லைநாயகி, வலி தெரியாத பிள்ளையைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள், நிம்மதியாகத் தூங்கு என்று சொல்லி அனுப்புவாள்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி மாதேஸ்வரி. சாமந்தித் தோட்டங்களில் பூப்பறிக்கிறவள். தாய்மாமனைக் கட்டியவள். அவளுடைய மகள் வெண்ணிலா அருமைநாதனின் ஊசியால் பிழைத்த முதல் சில பிள்ளைகளில் ஒருத்தி. மூன்று வயதில் ஓடினாள், பேசினாள், காக்காய்க்கும் பேருந்துக்கும் பெயர் சொன்னாள். ஒருநாள் காலையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்த தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கொதிக்கும் கஞ்சி அவள் தோளிலும் முதுகிலும் கொட்டியது. சத்தமே வராததால் மாதேஸ்வரி முதலில் பானையைத்தான் பிடித்தாள். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை தோல் உரிந்த தோளோடு அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

தீக்காயத்துக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட பழைய துணியை நனைத்து உரித்து, செத்த தோலைச் சுரண்டி, மருந்து தடவிப் புதுத் துணி சுற்ற வேண்டும். வளர்ந்தவர்களே கதறுகிற வேலை அது. மற்றப் பிள்ளைகள் என்றால் வலிமருந்து கொடுத்து, அரை மயக்கத்தில்தான் செய்வார்கள். ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அந்த மருந்தால் மூச்சு தடுமாறக்கூடும் என்று ஒரு பயம் இருந்தது. இவளுக்குத்தான் வலியே இல்லையே, எதற்கு வீண் ஆபத்து என்று தில்லைநாயகி முடிவு செய்தாள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள். சிஸ்டர் எஸ்தர் கட்டை உரிக்க, வெண்ணிலா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பாள். தில்லைநாயகி மாணவர்களைக் கூட்டி வந்து காட்டுவாள். இப்படி ஒரு நோயாளியை வேறு எந்தக் கல்லூரியிலும் பார்க்க முடியாது என்பாள். ஒருமுறை, அவர்கள் நம்புவதற்காக, காயத்தின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தியும் காட்டினாள். பிள்ளையின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மாணவர்கள் வியந்து போனார்கள்.

கட்டு மாற்றும்போது நாடி மிக வேகமாக ஓடுகிறது என்று எஸ்தர் ஒருநாள் சொன்னாள். காயத்துச் சூடாக இருக்கும் என்று தில்லைநாயகி பதில் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மயக்கவியல் துறையில் இருந்த டாக்டர் கதிரேசன் அந்தச் சமயத்தில்தான் ஒரு புதுக் கருவியை வார்டுக்குக் கொண்டுவந்தார். ஒயர்கள் தொங்கும் ஒரு தொப்பி, பக்கத்தில் ஒரு சின்னத் திரை. பேச முடியாத நோயாளிக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை மூளையின் மின்னோட்டத்திலிருந்து படித்து, திரையில் ஒரு கோடாகக் காட்டும். வலி கூடினால் கோடு ஏறும். தணிந்தால் இறங்கும். பரிசோதனைக்காக வந்திருந்தது. எங்கே பூஜ்யம் என்று கருவிக்குக் கற்றுக்கொடுக்க, வலியே இல்லாத ஓர் ஆள் வேண்டும் என்றார் கதிரேசன்.

"எங்க வெண்ணிலா இருக்கா சார்," என்றாள் தில்லைநாயகி. "கட்டு மாத்தும்போதே வச்சுப் பாருங்க. உங்க கோடு அசையாது."

மாதேஸ்வரியிடம் சொல்லிவிட்டு, வழக்கம்போல அவளை வெளியே அனுப்பினார்கள். பிள்ளையின் தலையில் தொப்பியை மாட்டினார்கள். எஸ்தர் கட்டுத்துணித் தள்ளுவண்டியை உருட்டி வரும்போதே கோடு மெல்ல நடுங்கியது. துணியின் ஓரத்தை அவள் உரிக்கத் தொடங்கியதும் நேராக மேலே ஏறி, திரையின் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

கருவியில் கோளாறு என்றார் கதிரேசன். தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு கையைக் கிள்ளிப் பார்த்தார். கோடு கொஞ்சம் எழுந்து அடங்கியது. எஸ்தருக்கு வைத்துப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் பிள்ளைக்கு வைத்தார்கள். எஸ்தர் துணியைத் தொட்டாள். கோடு உச்சிக்குப் போனது.

தில்லைநாயகி திரையைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். வெண்ணிலா தினமும் படுத்திருப்பதைப் போலவேதான் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் மின்விசிறியோடு சுற்றிக்கொண்டிருந்தன.

"நாடி பாருங்க சிஸ்டர்."

எஸ்தர் பார்த்தாள். "தெனமும் இப்படித்தான் ஓடும் மேடம்," என்றாள் தலையைத் தூக்காமல்.

அதற்குமேல் துணியை உரிக்க யாருக்கும் கை வரவில்லை. தில்லைநாயகிதான் வலிமருந்து போடச் சொன்னாள். மூச்சைக் கவனித்தபடி கதிரேசன் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். மூச்சு தடுமாறவில்லை. அவ்வளவு நாளும் பயந்த ஆபத்து வரவே இல்லை. கோடு படிப்படியாக இறங்கி, அடியில் வந்து படிந்தது. வெண்ணிலா மின்விசிறியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி, எஸ்தரின் உடுப்பிலிருந்த பொத்தானைத் தொட்டு விளையாடத் தொடங்கினாள். ஒரு குழந்தை செய்யும் சாதாரண காரியம். கட்டு மாற்றும்போது அவள் எதையும் தொட்டுத் தில்லைநாயகி அதுவரை பார்த்ததில்லை. அது இவ்வளவு நாளும் தன் கண்ணில் படவில்லையே என்று நினைத்தபோது அவளுக்குக் காது மடல்கள் சுட்டன. அழுத்திக் காட்டிய விரலைத் தன்னையறியாமல் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அன்று மதியம் மரபியல் துறைக்குப் போனாள். அருமைநாதன் முதலில் நம்பவில்லை. ஒரே ஒரு கருவி, ஒரே ஒரு பிள்ளை, இதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அவள் வாதாடவில்லை. வார்டில் இருந்த ஊசி போட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் தொப்பி வைத்துப் பார்த்துவிட்டதாகவும், ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது எல்லோருக்கும் கோடு ஏறியதாகவும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வலி உள்ளே போற வழி திறந்துதான் இருக்கு," என்றார். "வெளியே வர்ற வழிதான் அடைஞ்சுபோச்சு. அழுகை, முகச்சுளிப்பு, கத்தல், இதுக்கெல்லாம் மூளையில ஒரு சின்ன நரம்புக்கட்டு இருக்கு. நாம திருத்தின மரபணு அங்கயும் போய் உக்காந்திருக்கும். அதைத் தூங்க வச்சிருக்கும்."

"எலிகள்ல பாத்தீங்களே சார். அப்ப தெரியலையா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எலிக்குஞ்சுக்கு வலிச்சா கத்தும் மேடம். ஆனா நம்ம காதுக்கு எட்டாத சுருதியில கத்தும். அதைக் கேக்கத் தனியா ஒரு மைக் இருக்கு. நாம நடக்குதா, சாப்பிடுதா, எடை ஏறுதான்னு பாத்தோம். அது கத்துதான்னு கேக்கணும்னு எனக்குத் தோணலை."

மூன்று வயதுப் பிள்ளை நன்றாகப் பேசுகிறதே, வலிக்கிறது என்று ஒருநாளாவது ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. பிள்ளை விழுந்து அழும். தாய் ஓடிவந்து தூக்கி, வலிக்குதா கண்ணு என்று கேட்பாள். அப்படித்தான் எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சொல் வருகிறது. அழாத பிள்ளையிடம் அதை யாரும் கேட்டதில்லை. உள்ளே எரிவதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே வெண்ணிலாவுக்குத் தெரியாது.

பெற்றோர்களிடம் சொல்ல வேண்டும் என்றாள் தில்லைநாயகி. அருமைநாதன் மறுத்தார். அவர் குரலை உயர்த்தவில்லை, கெஞ்சுவது போலத்தான் பேசினார். இப்போது சொன்னால் நாளைக்கு ஒருவரும் பிள்ளையை ஊசிக்குக் கொண்டுவர மாட்டார்கள், கொண்டுவராத பிள்ளை செத்துப்போகும், ஆறு மாதம் கொடுத்தால் அந்த நரம்புக்கட்டைத் தொடாத ஊசியைச் செய்துவிட முடியும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் தில்லைநாயகிக்கு மறுத்துப் பேச முடியவில்லை என்று சொல்லலாம். ஆனால் அவளுக்கே தெரியும், அந்த ஆறு மாதம் என்ற சொல்லைக் கேட்டதும் தன் மனசுக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாகக் கால் நீட்டிக்கொண்டது. மாதேஸ்வரியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை தள்ளிப்போனதே என்ற ஆறுதல்.

ஆகவே அவள் சொல்லவில்லை. அந்த வார்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் இனிமேல் வலிமருந்து கொடுத்துத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டாள். ஏன் என்று கேட்ட பெற்றோர்களிடம், புது முறை வந்திருக்கிறது என்று சொன்னாள். மாணவர்களை அந்தப் பக்கம் கூட்டி வருவதை நிறுத்திக்கொண்டாள். எஸ்தரைத் தனியாகச் சந்திக்க நேரும்போதெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கடந்து போனாள்.

அந்த வார முடிவில், வார்டுக்கு வெளியே பெஞ்சில் சோறு உண்டுகொண்டிருந்த மாதேஸ்வரி, அவளைக் கண்டதும் எச்சில் கையை மறைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். புது மருந்து போட்டதிலிருந்து பிள்ளை நன்றாகத் தூங்குகிறது, கனவில்கூடச் சிரிக்கிறது, உங்களை மறக்கவே மாட்டேன் என்று சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தில்லைநாயகி அதைத் தாங்கிக்கொண்டு நாலடி நடந்தாள். பிறகு திரும்பி வந்தாள். அவளை உட்காரச் சொல்லி, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள்.

"மாதேசு, பாப்பாவுக்கு வலி தெரியாதுன்னு சொன்னேன் இல்ல? அது தப்பு. எல்லாப் பிள்ளைக்கும் வலிக்கிற மாதிரிதான் அவளுக்கும் வலிக்குது. வெளிய காட்டத்தான் வரலை. நாங்க போட்ட ஊசியால வந்தது அது."

தட்டில் இருந்த சோற்றை மாதேஸ்வரியின் விரல் பிசைந்துகொண்டே இருந்தது.

"கட்டு மாத்துறப்பவுங்களா?"

"ஆமா."

"தெனமுமா?"

"தெனமும். இப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகும் உன்கிட்டச் சொல்லாம இருந்தேன்."

அவள் கத்துவாள், அடிக்கவும் செய்வாள் என்று தில்லைநாயகி எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்பதைவிட, அப்படி நடந்துவிட்டால் தேவலை என்று காத்திருந்தாள். மாதேஸ்வரி கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நானும் அடிச்சிருக்கேனுங்க."

தில்லைநாயகிக்கு முதலில் புரியவில்லை.

"மண்ணைத் தின்னுட்டான்னு ஒருநா வெளக்கமாத்தால அடிச்சேன். மத்த புள்ளைன்னா ஒரு அடிக்கே கத்தும், நாமளும் விட்டுருவோம். இவ நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. என்னா நெஞ்சழுத்தம் பாருன்னு எனக்கு வெறி வந்துருச்சுங்க. அழுவுற வரைக்கும் அடிச்சேன்." அவள் மூச்சை இழுத்தாள். "அவ அழுவவே இல்லீங்களே. வலிக்கவா போவுதுன்னு இருந்துட்டேன். நீங்கதான சொல்லியிருந்தீங்க."

அந்தக் கடைசிச் சொல்லைக்கூட அவள் குற்றமாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று தனக்கே விளங்க வைத்துக்கொள்வது போலச் சொன்னாள். தில்லைநாயகி தன் குற்றத்தை இறக்கி வைக்க வந்து, அதைவிடப் பெரிய ஒன்றை இந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கக்கூட அங்கே இடம் இல்லை. மாதேஸ்வரி எழுந்து கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

அதன்பிறகு, ஆறு மாதம் காத்திராமல், தில்லைநாயகி ஊசி போட்ட எல்லாப் பிள்ளைகளின் பெற்றோர்களையும் வரவழைத்தாள். அருமைநாதன் வர மாட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் தன் மகன் முறிந்த கையோடு வாரக்கணக்கில் ஓடி விளையாடியதைச் சொன்னார். அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகள் தன் மகளை மாற்றி மாற்றிக் கிள்ளி விளையாடுவார்களாம், அழாததால் டீச்சரும் தடுக்கவில்லையாம் என்று ஒருத்தி சொன்னாள். ஊர் ஊராக, வீடு வீடாக, அழாத பிள்ளைகள்தான் அதிகம் அடிபட்டிருந்தார்கள். இது உங்களுக்கு முன்னாலேயே தெரியாதா என்று ஒரு தகப்பன் கேட்டபோது, அருமைநாதன் தானாகவே எழுந்து நின்று எலிக்குஞ்சுகளின் கதையைச் சொன்னார். சொல்லி முடித்தும் அவருக்கு உட்காரத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் ஊசிக்காகக் காத்திருந்த குழந்தை ஒன்று வார்டில் இருந்தது. ஆண் குழந்தை. தகப்பன் லாரி டிரைவர், பெயர் சின்னசாமி. மனைவி ருக்கு பிள்ளை பெற்ற உடம்போடு பக்கத்தில் இருந்தாள். அவர்களிடமும் தில்லைநாயகி எதையும் மறைக்காமல் சொன்னாள். போடாவிட்டால் பிழைக்காது, போட்டால் அழாது, வலிக்கும், புது ஊசி வருவதற்குள் காலம் கடந்துவிடும். சின்னசாமி, உசுரோட இருந்தால் போதும் என்றான். ருக்கு மட்டும் வெகுநேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வலிச்சா எனக்கு எப்படிங்க தெரியும்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு பட்டை உருவானது. கதிரேசன் பொறியியல் கல்லூரிக்காரர்கள் சிலரைப் பிடித்து, தொப்பியைச் சுருக்கி, நெற்றியில் கட்டும் பட்டையாகச் செய்தார். கோட்டுக்குப் பதிலாக அதற்கு ஒரு குரல் கொடுத்தார்கள். வலி ஏறினால் அது மெல்லிய சீழ்க்கையாக ஒலிக்கும். கூடக் கூட உரக்க ஒலிக்கும். குழந்தையின் அழுகையையே பதிவு செய்து வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தாய்மார்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊசி போட்டிருந்த ருக்குவின் மகனுக்குத்தான் முதலில் அதைக் கட்டினார்கள். மரபியல் துறையில் அருமைநாதன் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியிருந்தார். இந்தமுறை எலிக்கூண்டுகளுக்கு மேலே மைக்குகள் தொங்கின.

மேல்மாடி வார்டு சத்தமான இடமாயிற்று. இங்கே ஒரு சீழ்க்கை எழும், அங்கே ஒன்று அடங்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தில்லைநாயகி இப்போது அங்கே அழைத்துப் போவதில்லை. ஆனால் காலையில் முதல் வேலையாகத் தானே போனாள். சீழ்க்கை கேட்கிற கட்டிலுக்குப் போய், என்ன என்று பார்த்து, அது அடங்கும்வரை நிற்பாள்.

வெண்ணிலாவின் காயம் ஆறிவிட்டது. வீட்டுக்குப் போய்விட்டாள். மாதத்துக்கு ஒருமுறை, தழும்பு இறுகியிருக்கிறதா என்று தோலை இழுத்துப் பார்க்கக் கூட்டி வருவார்கள். அதை, வலிமருந்துக்குப் பிறகு பிள்ளை ஒட்டிக்கொண்ட எஸ்தரே பார்த்து அனுப்பிவிடுவாள். தில்லைநாயகி வேறு வேலை வைத்துக்கொள்வாள். ஒருமுறை எஸ்தர் விடுப்பில் இருந்தாள். தப்ப வழியில்லை.

அறைக்குள் மாதேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெண்ணிலா அவள் முழங்காலில் சாய்ந்து, நெற்றிப் பட்டையோடு, ஒரு சாமந்திப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பட்டை ஒலிக்கும்போதெல்லாம் தாய் ஓடிவந்து, வலிக்குதா சாமி என்று கேட்டுக் கேட்டு, பிள்ளைக்கு இப்போது அந்தச் சொல் வந்துவிட்டது என்று எஸ்தர் முன்பே சொல்லியிருந்தாள். தில்லைநாயகி அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருந்தாள். வாசலில் நின்று, சிரித்த முகத்தோடு ஓர் அடி உள்ளே வைத்தாள்.

சீழ்க்கை எழுந்தது.

இன்னும் யாரும் பிள்ளையைத் தொடவில்லை. அவள் விழுந்துவிடவும் இல்லை. தில்லைநாயகி அடுத்த அடி வைத்தாள். ஒலி ஏறியது. மாதேஸ்வரி பதறிப்போய்ப் பிள்ளையின் கை கால்களைத் தடவிப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், பட்டையைச் சரி செய்தாள். எதுவும் புலப்படவில்லை.

வெண்ணிலா மட்டும் எப்போதும் போல அமைதியான முகத்தோடு, பூவைப் பிடித்திருந்த கையை நீட்டித் தில்லைநாயகியைக் காட்டினாள். தெருவில் பேருந்தைக் கண்டால் சொல்வது போலத் தாயிடம் சொன்னாள்.

"அம்மா, வலி வந்துருச்சு."

"அது டாக்டரம்மா சாமி," என்றாள் மாதேஸ்வரி அவசரமாக. யாருடைய முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

பிள்ளை அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாய்க்குத்தான் தெரியவில்லை என்பது போல, இன்னொரு தடவை நிதானமாகக் காட்டி, "வலி" என்றாள்.

தில்லைநாயகி பின்னோக்கி ஓர் அடி வைத்தாள். சீழ்க்கை கொஞ்சம் தணிந்தது. இன்னோர் அடி வைத்தாள். வாசலைத் தாண்டி, வராந்தாவின் கைப்பிடிச் சுவரில் முதுகு முட்டியபோதுதான் அது முழுசாக அடங்கியது. அங்கிருந்து பிள்ளையின் தோள் நன்றாகத் தெரியாது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றுவது போலத் தலையைக் குனிந்துகொண்டு, தோல் எங்காவது இறுகியிருக்கிறதா, கையை மேலே தூக்க முடிகிறதா என்று மாதேஸ்வரியிடம் அங்கே நின்றபடியே கேட்டாள்.